‘ட்ரெயில் ஷூ’வுக்குத் தமிழில் என்ன சொல்வது? – ஏற்காட்டிலிருந்து ஓர் அவசரக் கேள்வி

ஏற்காடு, உடற்கல்வி ஆசிரியை:

நம் சேலத்துச் சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறோம். ஷூ எப்படிப் பார்த்து வாங்குவது என்று எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்தது, மூன்று சொல்லில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது ‘ட்ரெயில் ஷூ’, அதாவது மண்ணும் கல்லுமான பாதையில் ஓடுவதற்கான ஷூ. சாலைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்க எங்கள் பிள்ளைகளுக்கு வசதி கிடையாது. காலையில் ஏரிக்கரைத் தார்ச் சாலையில் ஓடுகிற அதே ஷூதான் காபித் தோட்டத்து மண்ணிலும், மழை பெய்தால் பாசி பிடித்த பாறையிலும் நிற்க வேண்டும். அப்படி எல்லாத் தரைக்கும் ஈடுகொடுக்கும் ஷூவுக்கு ஒரு பெயர் வேண்டும்.

இரண்டாவது, அடி ரப்பரில் கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறதே, அது. ஆங்கிலத்தில் சொல்வதுபோல ‘லக்’ (lug) என்று எழுதினால் பிள்ளைகள் அதிர்ஷ்டம் என்று படிக்கிறார்கள்.

மூன்றாவது ‘ட்ராப்’. குதிகாலுக்குக் கீழே இருக்கும் உயரத்துக்கும் முன்பாதத்துக்குக் கீழே இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். ‘இறக்கம்’ என்று எழுதினேன். ‘8 மி.மீ. இறக்கம் உள்ள ஷூவை இறக்கத்தில் போடலாமா?’ என்று என் வாக்கியமே என்னைக் குழப்பியது. கை கொடுங்கள்.

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வழியைக் குறிக்கும் ‘அதர்’ என்ற சொல் கையில் இருக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்ற 594ஆம் குறள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கப் பாட்டில் ‘கல்லதர்’ என்றே வரும். கல் நிறைந்த வழி. சேர்வராயன் மலைப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

ஷூவுக்கும் நம்மிடம் சொல் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வணிகர்கள் ‘அடிபுதை அரணம்’ அணிந்து போகிறார்கள். அடியை உள்ளே புதைத்துக் காக்கிற அரண். வார் வைத்த செருப்பாக இருந்தால் ‘புதை’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மூடிய காலணிதான். அதே பாட்டில் இடையருக்கு வருவது ‘தொடுதோல்’. இரண்டும் வேறு வேறு பொருள் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: அதரரணம்.

மேட்டூர், பொறியாளர்:

ஐயா சொன்ன அடிபுதை அரணம் என்னை அசத்திவிட்டது. ஆனால் ‘அதரரணம்’ என்பதை வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், இரண்டாவது முறையே நாக்கு புரண்டது. தவிர, ‘அதரம்’ என்றால் உதடு. பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

பெயர் வைக்கும் முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நான் பதினைந்து வருடமாக ஓடுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். சேறும் சகதியுமான இடத்துக்கென்று செய்கிற ஷூவில் அந்தப் புடைப்பு 5, 6 மி.மீ. இருக்கும். இடைவெளியும் அகலமாக விட்டிருப்பார்கள், சேறு அப்பாமல் உதிர வேண்டும் என்பதற்காக. அதைப் போட்டுக்கொண்டு தாரில் ஓடினால் சீக்கிரம் தேயும், காலுக்கும் நிலைகொள்ளாது. சாலை ஷூவோ ஏறக்குறைய வழவழப்பு. ஈர மண்ணில் வழுக்கும். டீச்சர் கேட்பது நடுவில் இருப்பது. புடைப்பு 3 முதல் 4 மி.மீ., அதுவும் நெருக்கமாக. கூர்ங்கல் குத்தாமல் இருக்க அடியில் மெல்லிய தகடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடு நுரை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் சமாளிக்கலாம். மேல் துணி தண்ணீரை வெளியே விட வேண்டும். தண்ணீர் புகாத ஷூ என்று விற்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஓடையில் கால் வைத்தால் கணுக்கால் வழியாக உள்ளே போகிற தண்ணீர் அப்புறம் வெளியே வராது.

ஆக, ‘எல்லாத் தரைக்கும்’ என்பதுதான் முக்கியம். ‘பல்தடக் காலணி’ எப்படி?

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, பல் + தடம் என்று அப்படியே விட முடியாது. தனிக்குறிலை அடுத்த லகரத்தின் முன் தகரம் வந்தால் அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில், ஆய்தமாகத் திரியும் என்று நன்னூல் சொல்கிறது. பல் + துளி பஃறுளி, பல் + தொடை பஃறொடை. உங்கள் சொல் ‘பஃறடக் காலணி’ ஆகும்.

இன்னொன்று. ‘பல்’ என்பதைப் பற்கள் என்று எடுத்துக்கொண்டால், அதாவது அடியில் பல் பல்லாக இருக்கிற தடம் என்றால், அது வேற்றுமைப் புணர்ச்சி, ‘பற்றடம்’ ஆகும். ஒரே சொல், பொருளுக்குத் தக்கபடி இரண்டு புணர்ச்சி. இந்த அழகை இழக்க வேண்டாம்.

மேட்டூர், பொறியாளர்:

ஐயா, நன்னூல் ‘ஆகவும் பெறூஉம்’ என்று உம்மை போட்டுத்தானே சொல்கிறது? கட்டாயம் இல்லையே. இன்று ‘பல்துறை’ என்று எழுதுகிறோம், ‘பஃறுறை மருத்துவமனை’ என்று எங்கும் பலகை இல்லை. ஷூக் கடையில் போய் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் ‘பஃறடம்’ என்று எப்படிக் கேட்பான்? இலக்கணத்தை விடச் சொல்லவில்லை, அந்தப் பையனையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள் என்கிறேன்.

சங்ககிரி, லாரிப் பட்டறை நடத்துபவர்:

வணக்கம் அண்ணா, டீச்சர். நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. இரண்டாவது சொல்லுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

டயரில் அந்தக் கட்டம் கட்டமாக இருப்பதை நாங்கள் ‘பட்டன்’ என்போம். ‘பட்டன் நல்லா இருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்’, ‘பட்டன் தேஞ்சு மொட்டையாயிடுச்சு’. லாரி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வளர்கின்றன. ஷூவுக்கும் அதே வேலைதானே? மண்ணைக் கவ்வுவது, தண்ணீரை ஒதுக்குவது. தேய்ந்தால் மாற்று. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற வண்டிக்காரன் முதலில் பார்ப்பது பட்டனைத்தான்.

மேட்டூர், பொறியாளர்:

அண்ணா, இதற்கு வெளியிலும் சான்று இருக்கிறது. மலையேறும் பூட்ஸுக்குப் புடைப்புள்ள ரப்பர் அடியை 1937இல் இத்தாலியில் கொண்டுவந்தவர் விடாலே பிரமானி. மலையில் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த பிறகு அந்த முயற்சியில் இறங்கியவர். அவர் பெயரைச் சுருக்கித்தான் ‘விப்ரம்’. அந்த அடிக்கு அவர் வைத்த பெயர் ‘காரர்மாட்டோ’, இத்தாலிய மொழியில் பீரங்கி வண்டி. வண்டியைப் பார்த்துத்தான் அவரும் பெயர் வைத்தார்.

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

பட்டன் தமிழ் இல்லை. மண்ணைப் பற்றுகிற அடி ‘பற்றடி’, அதில் இருப்பது ‘பற்றுமுளை’. இவ்வளவு எளிதாக இருக்கும்போது கடன் எதற்கு? கடன் சொல் ஒன்று உள்ளே வந்தால் நம் சொல் ஒன்று வெளியே போகிறது. நாற்பது வருடம் வகுப்பில் நின்று கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

குகை, மொழியியல் மாணவி:

ஐயாவுக்கு வணக்கம். பற்றடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்க வந்தது வேறு. நாம் எல்லோரும் ‘செருப்பு’ என்ற சொல்லை ஏன் தொடாமல் சுற்றிப் போகிறோம்?

பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் பல்யானைச் செல்கெழு குட்டுவனை ‘மிதியல் செருப்பிற் பூழியர் கோவே’ என்கிறார். செருப்பு அங்கே ஒரு மலையின் பெயர். காலில் மிதிக்கிற செருப்பு அல்ல என்று காட்டத்தான் ‘மிதியல்’ என்ற அடைமொழி. மலைக்கும் காலணிக்கும் ஒரே பெயர் இருந்த மொழியில் மலையில் போடுகிற காலணிக்குப் பெயர் தேடுகிறோம் என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

மகளே, அருமையான இடத்தைத் தொட்டாய். பல பொருள் தரும் சொல்லை அடைமொழியால் பிரித்துக் காட்டும் ‘வெளிப்படை’க்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. செருப்பு ‘செருகு’ என்பதிலிருந்து வந்தது, காலைச் செருகுவதால். மலைச் செருப்போ ‘செரு’, போர், போர் நடந்த மலை. வேர் வேறு, வடிவம் ஒன்று.

குகை, மொழியியல் மாணவி:

மன்னிக்க வேண்டும் ஐயா, இதில் மட்டும் உடன்பட முடியவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். பாட்டி செருப்பை ‘கெர’ என்பார். நம் செவி கன்னடத்தில் ‘கிவி’, செய் என்பது ‘கெய்’. அதே வரிசையில்தான் கெர – செருப்பு. முதலில் ககரமாக இருந்து தமிழில் சகரமாக மாறிய சொல் இது. செருகுவோடு சேர்க்க வேண்டும் என்றால் அந்தச் சொல்லுக்கும் ககர வடிவம் காட்ட வேண்டும்.

ஏற்காடு, உடற்கல்வி ஆசிரியை:

எல்லாவற்றையும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை.

செருப்பு என்று அச்சிட்டால் ‘செருப்புப் போட்டு ஓடலாம்’ என்று வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். இருக்கிற செருப்போடு அனுப்பிவிடுவார்கள். பள்ளியில் விலையில்லாக் காலணி கொடுப்பதால் ‘காலணி’ என்ற சொல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். காலணி இருக்கட்டும்.

‘தடம்’ பற்றி எனக்கு ஒரு பயம். எங்கள் துறையில் ‘தடகளம்’ என்றால் மைதானத்தில் வட்டமாக ஓடுகிற தடமும் களமும். ‘தடக்காலணி’ என்றதும் உடற்கல்வி ஆசிரியர்கள் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் என்றுதான் நினைப்பார்கள். போட்டிக்கு முந்தைய நாள் அந்தத் தவறு நடந்தால் பாவம் அந்தப் பிள்ளை.

அயோத்தியாப்பட்டணம், மொழிபெயர்ப்பாளர்:

டீச்சர், எங்கள் அம்மாயி தோட்டத்து ஒற்றையடிப் பாதையை ‘கொடித்தடம்’ என்பார். கொங்கு நாடு முழுக்க இருந்த சொல். இரண்டு பக்கமும் வேலி இருந்தால் இட்டேரி, வேலி இல்லாமல் கொடி மாதிரி வளைந்து வளைந்து போனால் கொடித்தடம். நீங்கள் ஓடுகிற காபித் தோட்டத்துப் பாதை கொடித்தடம்தான். கொடித்தடக் காலணி என்று வையுங்கள். தடகளத்தோடு குழம்பாது, அதர் மாதிரி உரை தேடவும் வேண்டாம்.

மூன்றாவது சொல்லுக்குக் கொத்தனாரிடம் போங்கள். தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்தை ஒரு பக்கம் லேசாகத் தாழ்த்திப் பூசுவதை அவர்கள் ‘வாட்டம்’ என்பார்கள். குதி 30 மி.மீ., முன்பாதம் 24 மி.மீ. என்றால் வாட்டம் 6 மி.மீ. ‘குதிவாட்டம்’.

மேட்டூர், பொறியாளர்:

குதிவாட்டம்! கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். வாட்டம் கூடினால் முழங்காலுக்கு வேலை கூடும், குறைந்தால் கெண்டைக்காலும் குதிநரம்பும் கூடுதலாக இழுபடும். 10 மி.மீ. போட்டுப் பழகியவர் ஒரே நாளில் 0க்கு இறங்கினால் வலி நிச்சயம். 4 முதல் 8க்குள் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், கடைக்கு மாலையில் போகச் சொல்லுங்கள். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் ஓடும்போது இருக்கிற அளவு. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட வேண்டும், இல்லாவிட்டால் மலை இறங்கும்போது நகம் போகும்.

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

குதிவாட்டத்தை மனமார ஏற்கிறேன். முகவாட்டம் நினைவுக்கு வருகிறது என்பார்கள், வரட்டும். கொடித்தடமும் நல்ல சொல். ஆனால் அது தோட்டத்துச் சொல். மலைப்பாறை அதில் இல்லை.

ஏற்காடு, உடற்கல்வி ஆசிரியை:

ஞாயிறு இரவு. கையேட்டைப் பூட்டிவிட்டேன்.

எழுதிய ஆறு பேரில் நான்கு பேர் ‘காலணி’ பக்கம். பாதைக்குக் கொடித்தடம், அதர், பல்தடம் மூன்றும் பிரிந்து நின்றன. ஆகவே தலைப்பில் ‘மலைத்தட ஓட்டக் காலணி’ என்று போட்டிருக்கிறேன். மலை முன்னால் நின்றால் மைதானத் தடம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எல்லாத் தரைக்கும் என்பதை முதல் பத்தியில் வாக்கியமாகவே எழுதிவிட்டேன். ‘குதிவாட்டம்’ படத்தோடு வருகிறது. அடிக்கு ‘பற்றடி’, அதில் இருப்பதற்குப் ‘பட்டன்’. நேற்று ஒரு சிறுமியிடம் பழைய ஷூவைத் திருப்பிக் காட்டினேன். பெருவிரல் பக்கம் தடவிப் பார்த்து ‘இங்க பட்டனே இல்ல மிஸ்’ என்றாள். அந்த வரியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மலையில் பலகையில் ‘கொண்டை ஊசி வளைவு’ என்று இருக்கும், நடத்துநர் ‘ஆறாவது பெண்டு’ என்பார், இரண்டும் சேர்ந்துதான் பேருந்தை மேலே கொண்டுவருகின்றன.

அயோத்தியாப்பட்டணம், மொழிபெயர்ப்பாளர்:

சரி டீச்சர். கொடித்தடத்துக்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது. குழுவின் பதிவில் ஒரு வரி போட்டு வையுங்கள்.

அம்மாபேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

எனதும். கல்லதர் என்று எழுதிக்கொள்ளுங்கள். மகளே, செருகுவுக்குக் கன்னடத்தில் ககர வடிவம் உண்டா என்று நாளை நூலகத்தில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.