வயசான கஸ்டமருக்கு புருவ முடி கம்பி மாதிரி முரடா இருந்தா எப்படி ஷேப் பண்றீங்க?

ஈரோடு ஹோம் பார்லர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்லயே சின்னதா பார்லர் வச்சிருக்கேன். காலேஜ் புள்ளைங்களுக்கு ஐப்ரோ பண்றதுல எந்தப் பிரச்சனையும் இல்லைங்க, ஆனா இப்ப அறுபதாம் கல்யாணம், பேத்திக்கு சீர்னு விசேஷத்துக்கு முன்னாடி வர்ற அம்மாங்க ஜாஸ்தியாயிட்டாங்க, அவங்க புருவம் வேற கணக்காத்தான் இருக்கு. முடி தடிச்சு கம்பி மாதிரி நிக்குது, அதுல பாதி வெள்ளை, ஒண்ணு ரெண்டு மட்டும் நீளமா வளைஞ்சு கண்ணு மேல தொங்குது, கடைசி வால் பக்கம் பாத்தா முடியே இல்ல. நூல் போட்டா தோல் லூசா இருக்கறதால நூலுக்குள்ள மாட்டி சிவந்துருது. சரின்னு கத்தரியில வெட்டினா வெட்டின முடி முன்னைக்கு இன்னும் நேரா குத்திக்கிட்டு நிக்குது. இதுல சிலர் கல்யாணத்தப்ப இருந்த மாதிரி மெல்லிசா ஆக்கி விடும்மான்னு கேக்கறாங்க. நூலா, கத்தரியா, பிளக்கரா, எது முதல்ல? வெள்ளை முடிய பிடுங்கிரலாமா? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மதுரை பார்லர் அக்கா:

தங்கச்சி, சின்னப் பொண்ணுங்களுக்கு நூல் போட்டு ஷேப் எடுத்துட்டு கடைசியில ட்ரிம் பண்ணுவோம்ல, வயசானவங்களுக்கு அப்படியே திருப்பிப் போடு. கத்தரி முதல்ல, நூல் கடைசியில, அதுவும் கொஞ்சமா. ஏன்னா அந்த நாலஞ்சு நீள முடிதான் புருவமே கலைஞ்ச மாதிரி காட்டும், அதைப் பாத்துட்டு நூலை எடுத்தா தேவையில்லாத முடியும் சேந்து போயிரும், அந்த வயசுல போன முடி சீக்கிரம் திரும்பாது, சில இடத்துல திரும்பவே திரும்பாது.

முரடாகறதுக்கு காரணம் என்னன்னா, பொம்பளைங்களுக்கு பீரியட் நின்னதுக்கப்புறம் ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைஞ்சு ஆண்ட்ரோஜன்ங்கற ஆண் ஹார்மோன் கை ஓங்குது, அதனாலதான் தாடையில ரெண்டு முடி முளைக்குது, புருவத்துலயும் சிலது தடிக்குது. சாதாரணமா புருவ முடி ஒண்ணு ரெண்டு மாசம் வளந்து அதோட நின்னுரும், வயசானா சில முடி நிக்காம வளந்துக்கிட்டே போகும். தோல்ல எண்ணெய்ப்பசையும் குறையுது, அதான் வெள்ளை முடி இன்னும் விறைப்பா தெரியுது.

இப்ப வெட்டுற முறை. முகத்தைக் கழுவித் துடைச்சிட்டு, புது மஸ்காரா பிரஷ்ல ஒரு துளி ஆலோவேரா ஜெல் தொட்டு முடி வளர்ற பக்கமாவே சீவி விட்டு ஒரு நிமிஷம் காய விடு. எது சும்மா படிய வச்சாப் போதும், எது நிஜமாவே அடங்காததுன்னு அப்பதான் பிரிஞ்சு தெரியும். அப்புறம் மேல பாத்து சீவி, கோட்டுக்கு வெளிய போறதை எல்லாம் ஒரே நேர்வெட்டா வெட்டிராத, உனக்கு குத்திக்கிட்டு நிக்கிறது அதனாலதான். தடிச்ச முடி கட்டையாப் போனா சாயாது. ஒவ்வொரு முடியா எடு, படிய வச்சுப் பாரு, படிஞ்ச நிலையில மேல் கோட்டைத் தாண்டுற நுனிய மட்டும் கத்தரிய சாய்ச்சு வெட்டு, அதுலயும் ஒரு மில்லிமீட்டர் விட்டே வெட்டு. வளைஞ்ச முடிய இழுத்துப் பிடிச்சு வெட்டக்கூடாது, விட்டதும் சுருண்டு மேல ஏறிக்கும். அப்புறம் கீழ சீவிட்டு இதே மாதிரி பண்ணு.

வெள்ளை முடி புருவத்துக்கு உள்ள இருந்தா தொடவே தொடாத. பிடுங்கினா ஓட்டை விழும். கீழ சிதறிக் கிடக்கறது, ரெண்டு புருவத்துக்கு நடுவுல இருக்கறது, இதை மட்டும் பிளக்கர்ல வளர்ற திசையிலயே எடு.

நூல் போடுறப்ப சின்னப் பிடியா, ரெண்டு மூணு முடியா எடு, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஓட்டாத. தோலை இழுத்துப் பிடிக்கறதுதான் முக்கால்வாசி வேலை. இவங்களுக்கு தோள்பட்டை வலி இருக்கும், கையைத் தூக்கி ரொம்ப நேரம் பிடிக்க முடியாது, ஆள் இருந்தா இன்னொருத்தரை பிடிக்கச் சொல்லு, இல்லைன்னா முழங்கைக்கு தலையணை வச்சு நடுநடுவுல கையை இறக்கச் சொல்லு. கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கவங்க தலையை ரொம்ப பின்னாடி சாய்க்காத, முடிஞ்சதும் உடனே எந்திரிக்க விடாத, நிமிந்து கொஞ்சம் உக்காரட்டும், தலை சுத்தும்.

மெல்லிசா கேக்கறவங்களுக்கு நான் வெள்ளைப் பென்சில்ல எடுக்கப்போற இடத்தை வரைஞ்சு கண்ணாடியில காட்டிருவேன். வயசானா புருவமே கீழ இறங்குது, இமை மேல தோல் தொங்குது, இதுல மெல்லிசாக்கினா அந்தத் தொங்கலைத்தான் எடுத்துக் காட்டும். மேல் பக்கம் எடுக்காம, ஆர்ச்சுக்கு, அதான் புருவ வளைவுக்கு, கீழ மட்டும் லேசா சுத்தம் பண்ணினா கண்ணு திறந்து தெரியும். வரைஞ்சு காட்டினா பெரும்பாலும் ஒத்துக்கறாங்க.

ஸ்கின் கிளினிக் சிஸ்டர்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. இதுல வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விங்க இருக்கு, தயவு செஞ்சு யாரும் கூச்சப்பட்டு கேக்காம விட்டுராதீங்க. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேளுங்க, அவங்களுக்கு தோல் கிள்ளினாலே கன்னிப்போயிரும். பருவுக்கோ சுருக்கத்துக்கோ ராத்திரி ட்ரெட்டினோயின், அடாபலீன் கிரீம் தடவுறவங்களுக்கு வேக்ஸ் வேண்டவே வேண்டாம், தோல் உரிஞ்சு வரும், நூலும் அந்த இடத்துல தவிர்க்கறது நல்லது. சுகர் இருந்தா சின்ன கீறலும் ஆற லேட்டாகும். கண்புரை ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா கண் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பவுடர், நூல் எதுவும் கிட்ட போகக்கூடாது, வெட்டின முடி கண்ணுக்குள்ள விழுந்தா அது வேற வம்பு.

வால் பக்கம் முடி இல்லன்னு சொல்லிருக்கீங்க. வயசாலயும் இருக்கலாம், வருஷக்கணக்கா நூல் போட்டதாலயும் இருக்கலாம், தைராய்டு குறைவா இருந்தாலும் புருவத்தோட வெளிப்பக்கம் கொட்டும். சோர்வு, எடை ஏறுதுன்னும் சொன்னாங்கன்னா ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. புருவம் மொத்தமா கொட்டுது, கூடவே நெத்தி முடியும் பின்னாடி போகுது, அந்த இடம் வழவழன்னு இருக்குன்னா தோல் டாக்டர்கிட்ட அனுப்பிருங்க, மாதவிடாய் நின்ன பெண்களுக்கு வர்ற ஒரு வகை முடி உதிர்வு அது, சீக்கிரம் போனா மேல பரவாம தடுக்க வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, ஆளுக்கு ஆள் புது நூல். வாயில கடிச்சுப் போடுறதை விட்டுட்டு கழுத்துல மாட்டிப் போடப் பழகுங்க. த்ரெட்டிங்ல மரு, மொலஸ்கம்ங்கற வைரஸ் கொப்புளம் எல்லாம் பரவினதா மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. கத்தரி, பிளக்கர் ரெண்டையும் சோப்பு போட்டு கழுவி காய வச்சு 70% ஆல்கஹால்ல துடைங்க.

ஈரோடு ஹோம் பார்லர்:

ரொம்ப நன்றிங்க அக்கா, சிஸ்டர். நேர்வெட்டு விசயம் இப்பத்தான் புரியுது. ஒரே ஒரு சந்தேகம், வெள்ளைய மறைக்க தலைக்குப் போடுற டையவே புருவத்துக்கும் போட்டு விடுன்னு கேக்கறாங்களே, போடலாங்களா?

63 வயசு பாட்டி:

நான் பார்லர் நடத்தறவ இல்லம்மா, போய் உக்காந்துக்கறவ. ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். எங்க மூக்குக்கண்ணாடிய கழட்டி வச்சிட்டு "எப்படி இருக்கு ஆன்ட்டி"ன்னு கண்ணாடியக் காட்டினா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துருவோம். பாதி வேலையிலயே மூக்குக்கண்ணாடிய மாட்டிவிட்டு காட்டுங்க. அப்பதான் ஃப்ரேமுக்கு மேல புருவம் எவ்வளவு தெரியுதுன்னு உங்களுக்கும் தெரியும், நீள முடி லென்ஸ்ல உரசுதா இல்லையான்னும் தெரியும். எனக்கு அந்த உரசல்தான் தொந்தரவு, அழகெல்லாம் ரெண்டாவது. சத்தமா "முடியெல்லாம் நரைச்சு கரடுமுரடா இருக்கே"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லாம இருந்தா இன்னும் சந்தோஷம்.

நாகர்கோவில் சலூன்:

ஆம்பிளையளுக்கும் இதே கதைதான், இன்னும் ஜாஸ்தி. சீப்பை புருவத்து மேல படுக்க வச்சு சீப்புக்கு வெளிய நிக்கிறதை மட்டும் கத்தரியில எடுக்கணும். ட்ரிம்மரை சீப்பு மாட்டாம கொண்டு போகாதீங்க, கை ஒரு நூல் நகந்தாலும் வழிச்சிட்டுப் போயிரும். கண்ண மூடச் சொல்லிட்டு, வெட்டினதும் பிரஷ்ல வெளிப்பக்கமா தட்டி விட்டுட்டுதான் திறக்கச் சொல்லணும். முக்கியமா கேட்டுட்டு வெட்டுங்க. சில பெரியவங்க அந்த நீள முடிய தொட விடமாட்டாங்க, அது அவங்க விருப்பம்.

மதுரை பார்லர் அக்கா:

ஈரோடு தங்கச்சிக்கு: டை போடவே போடாத. ஹேர் டை பாக்கெட்டைத் திருப்பிப் பாரு, இமைக்கும் புருவத்துக்கும் போடக்கூடாது, பார்வை போகலாம்னு எச்சரிக்கை இருக்கும், அப்படி அச்சடிக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டமே சொல்லுது. டையில இருக்கற பிபிடிங்கற கெமிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு முகமே வீங்கிரும். பதிலா பென்சில் கொடு, அதுவும் கருகருன்னு கறுப்பு வேண்டாம், சாம்பல் கலந்த பிரவுனோ அடர் கிரேயோ எடுத்து இடைவெளி இருக்க இடத்துல மட்டும் சின்னச் சின்னக் கோடா போட்டு பிரஷ்ல கலைச்சு விடு, வால் பக்கத்தை கீழ இறக்கி முடிக்காம கொஞ்சம் மேலயே நிறுத்து. விசேஷத்துக்கு வர்றவங்களை அன்னைக்கு காலையில வரச் சொல்லாத, மூணு நாலு நாள் முன்னாடி வரச் சொல்லு, சிவப்பு இருந்தாலும் அதுக்குள்ள அடங்கிரும். அடுத்த தடவை நாலு வாரம் கழிச்சு வந்தா கத்தரி வேலை மட்டும் பண்ணி அனுப்பு, நூல் தேவைப்பட்டாத்தான்.