திருவிழா ஜெனரேட்டர் லைன்ல ஆர்சிசிபி (கரண்டு லீக்கானா லைன கட் பண்ற சுவிட்ச்) ட்ரிப் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணே எல்லாருக்கும் வணக்கம், எங்க ஊரு மாரியம்மன் திருவிழா அடுத்த வாரம், சீரியல் செட்டு, டியூப்லைட்டு, கடைங்க எல்லாமே வாடகை ஜெனரேட்டர்லதான். போன வருஷம் தூறல்ல கரும்பு ஜூஸ் மெஷின தொட்ட பையன ஷாக் அடிச்சு தூக்கிப் போட்டுருச்சு, பொழச்சதே சாமி புண்ணியம், எனக்கு இன்னும் மனசு ஆறல. அதான் இந்த தடவ லைனுக்கு ஒரு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போடணும்னு நிக்கறேன், கமிட்டில எம்சிபி போதும்ங்கறாங்க, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தானே விழும், ஆளு மேல பாயற கரண்டுக்கு அசையாதே.

என் சந்தேகம் இதான், ஜெனரேட்டர் நியூட்ரல எர்த் பண்ணாம விட்டா லீக்கேஜ் திரும்பிப் போக வழியில்லாம ஆர்சிசிபி விழாதுல்ல? அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அமுக்குனா எர்த்தே இல்லாட்டியும் விழுது, அத நம்ப முடியல. நியூட்ரல் எர்த்த ஆர்சிசிபிக்கு முன்னாடி ஜெனரேட்டர்கிட்டயே குடுத்தா சரியா? எங்களுது மணல் தரை, எர்த்துக்கு எத்தன ராடு அடிக்கணும்? நேர்ல செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்கண்ணே, வெள்ளிக்கெழம வயரிங் ஆரம்பிக்கறாங்க.