சளி சிரப்பா, களியா? நாலு வயதுப் பையனுக்கு என்னதான் செய்வது

ஓசூர் ஷிப்ட்காரன்:
ஜூனில் பையனை எல்கேஜி சேர்த்தோம். அன்றிலிருந்து மாதம் தவறாமல் சளி. மருந்துக்கடையில் எதிர்ப்பு சக்திக்கு என்று ஒரு சிரப் கொடுத்தார்கள், பாட்டில் 380 ரூபாய். இரண்டு பாட்டில் காலி, மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. வேறு நல்ல சிரப் இருக்கிறதா?

பாலக்கோடு அம்மா:
தம்பி, அந்தக் காசுக்குக் கொய்யா வாங்குங்கள். ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி அதிகம். சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது சகஜம்தான். எடை ஏறுகிறதா, ஓடியாடுகிறானா என்று பாருங்கள்.

பென்னாகரத்தான்:
கேழ்வரகுக் களியும் கீரையும் தின்று, வெறுங்காலோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த சிரப்பும் தெரியாது. நீங்கள்தான் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுக்கிறீர்கள்.

பாலக்கோடு அம்மா:
களியைக் குறை சொல்ல மாட்டேன் அண்ணே, எங்கள் வீட்டிலும் தினம் கிண்டுகிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அது எலும்புக்கு, சளியை நிறுத்தாது. வெறுங்கால் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகத்தான் ஏறும், குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுப்பது சும்மா இல்லை. மண்ணில் விளையாடட்டும், செருப்போடு. அப்புறம், உங்கள் காலத்தில் மணல்வாரி அம்மையில் இறந்துபோன பிள்ளைகளை யார் கணக்கில் சேர்ப்பது?

பென்னாகரத்தான்:
சரி, செருப்பை ஒத்துக்கொள்கிறேன். தடுப்பூசியும் போடட்டும். ஆனால் எங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளை காலையில் டீயில் பன் முக்கித் தின்கிறது. அதை ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

பாலக்கோடு அம்மா:
அது நியாயம். சோற்றோடு டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. எலுமிச்சை பிழிந்தால் ஒட்டும்.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
ஷிப்ட்காரரே, பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?

ஓசூர் ஷிப்ட்காரன்:
பதினொன்று ஆகிவிடும். மூன்று மாதமாக எனக்கு இரண்டாம் ஷிப்ட். என் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் படுப்பான். வேன் ஏழரைக்கு, ஆறரைக்கு எழுப்புகிறோம்.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
ஏழரை மணி நேரம். நாலு வயதுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் எதிர்ப்பு சக்தியும் குறையும், எந்த சிரப்பும் அதை ஈடுகட்டாது.

பென்னாகரத்தான்:
அப்பன் முகம் பார்க்காமல் பிள்ளையைத் தூங்க வைப்பதா? நல்ல வைத்தியம்!

ஓசூர் ஷிப்ட்காரன்:
அண்ணன் சொல்வதுதான் எனக்கும் உறுத்துகிறது. நாளில் நான் அவனோடு இருப்பதே அந்த அரை மணி நேரம்தான்.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
காலையில் நீங்கள் எழுந்து கிளப்பிவிடலாமே? இட்லி ஊட்டுங்கள், வேன்வரை கூட நடங்கள். பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவச் சொல்லிக்கொடுங்கள். பள்ளிக்கூடச் சளி கை வழியாகவும் வீட்டுக்கு வருகிறது.

ஓசூர் ஷிப்ட்காரன்:
நேற்று ஒன்பதுக்கே தூங்கிவிட்டானாம். காலையில் எழுந்ததும், "ராத்திரி வண்டி வரலையாப்பா?" என்று கேட்டான். ஆறரைக்கு எழும் பழக்கமே எனக்குப் போய்விட்டது, கண் எரிகிறது. மூன்றாவது பாட்டில் வாங்கவில்லை.