எங்கள் இசை ஆசிரியைக்கான பரிசு: உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு இசை கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு, வெவ்வேறு ஊர்களில் வாழும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பாடும் பாடல் ஒன்றைப் பதிவு செய்து பரிசளிக்க விரும்புகிறோம். யாராவது சுருதி விலகினால் பெயர் சொல்லிக் குறை கூறாமல், தாமே அந்த ஸ்வரத்தை மெல்ல நீட்டிப் பாடி, நாங்கள் வந்து சேரும்வரை காத்திருப்பவர் அவர்; வெறும் நினைவுக் கேடயம் அவருக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

இணையவழியில் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட இயலாது. ஆகவே, சுருதியும் தாளமும் அடங்கிய வழிகாட்டி ஒலிப்பதிவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவரவர் கைபேசியில் தனித்தனியாகப் பாடி அனுப்ப, பின்னர் அவற்றை ஒன்றிணைக்கத் திட்டமிட்டுள்ளோம். இவ்வாறு பல குரல்களை இணைத்த அனுபவம் உள்ளவர்கள், எந்த மென்பொருள் எளிது என்பதையும், அறையின் எதிரொலியை எப்படிக் குறைப்பது என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவர் நடத்திய சேர்ந்திசை பதிவான பழைய கேசட் ஒன்றும் எங்களிடம் உள்ளது. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் அதை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதைச் சேதமின்றி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர் ஒலித்தரத்தில் கணினிக்கு மாற்றித் தரக்கூடியவர்களைத் தெரிந்தால் தயவுசெய்து கூறுங்கள்.