சவப்பெட்டி மேல் ராணியின் உருவம்: உடல் கெட்டதாலா, கிரீடம் காட்டவா?

ஏட்டுச்சுவடி:
1503 பிப்ரவரி 11 அன்று இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் ராணி எலிசபெத் லண்டன் டவர் கோட்டையில் இறந்தார். 22-ஆம் தேதி ஊர்வலம் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போனபோது சவப்பெட்டியின் மேல் அவருடைய மர உருவம் கிடந்தது. காரணம் எளியது: உடல் கெடும், முகத்தைக் காட்ட முடியாது. 1394-ல் இன்னொரு இங்கிலாந்து ராணி, பொஹீமியாவின் ஆன், ஜூன் 7 அன்று இறந்து ஆகஸ்ட் 3 அன்றுதான் அடக்கமானார். கோடையில் எட்டு வாரம்!

கல்தச்சன்:
நாற்றத்தைத் தடுப்பது ஈயத்தின் வேலை, உருவத்தின் வேலை அல்ல. உடலைப் பதப்படுத்தி, மெழுகு தோய்ந்த துணியில் சுற்றி, ஈயத்தகட்டில் பொதிந்து இணைப்புகளைப் பற்றவைப்பார்கள். ஓர் இணைப்பு விட்டாலும் நீர் கசியும், நாற்றம் வரும். அதன் பிறகு மரப்பெட்டி, மேலே கறுப்பு வெல்வெட், வெள்ளைச் சிலுவை. இத்தனைக்குப் பிறகு உடல் நன்றாக இருந்தாலும் யாருக்குத் தெரியும்? 1290-ல் ராணி காஸ்டீலின் எலினோரின் உடல் லிங்கனிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை வந்ததே, அப்போது உருவம் எங்கே?

ஏட்டுச்சுவடி:
அது டிசம்பர் குளிர், குடலையும் லிங்கனிலேயே புதைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் நாம் அறிந்த முதல் உருவம் 1327-ல் அரசர் இரண்டாம் எட்வர்டுக்கு. செப்டம்பர் 21-ல் இறந்தவருக்கு டிசம்பர் 20-ல் அடக்கம். மூன்று மாதத் தாமதமும் முதல் உருவமும் ஒரே சாவில் வந்திருப்பதைத் தள்ளிவிட முடியாது.

கல்தச்சன்:
எலிசபெத்துக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லையே? உருவத்தின் கோலத்தைப் பாருங்கள்: தலையில் கிரீடம், கையில் செங்கோல், அவிழ்ந்து தோளில் விழும் கூந்தல். மணமான ராணி கூந்தலை அவிழ்த்துவிடும் இடம் முடிசூட்டு விழா. சாவிலும் அதையே காட்டினார்கள்.

வெண்மெழுகு:
ஊர்வலமும் அதைத்தான் சொல்கிறது. அவருக்கு வயது 37. லண்டனின் சீப்சைடு தெருவில் வெள்ளை உடையும் பச்சை-வெள்ளை மாலையுமாய் 37 கன்னியர் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். அரசர் வரவில்லை என்று அவரைக் குறை சொல்ல வேண்டாம். ராணிக்குத் தலைமைத் துக்கம் பெண்ணுக்கே உரியது. தங்கை கேதரின் அதை ஏற்றார்.

கல்தச்சன்:
கடைசியில் உருவத்தை எடுத்து பழைய அரசரான எட்வர்டு புனிதரின் சமாதிப் பக்கம் வைத்துவிட்டுத்தான் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அதிகாரிகள் தங்கள் கோல்களை முறித்துக் குழியில் போட்டார்கள். பதவி முடிந்தது என்பதைக் கோல் காட்டியது. உருவமோ குழிக்குள் போகவில்லை.

ஏட்டுச்சுவடி:
பெட்டி மண்ணுக்குள் போனபின் உடலுக்குப் பதிலி எதற்கு? அதனால் எடுத்தார்கள். கோலத்துக்கு நீங்கள் சொல்லும் பொருளை ஏற்கிறேன். ஆனால் 1327-ல் உருவம் வைப்பது தொடங்கியதற்குக் காரணம் அந்த மூன்று மாதம்தான்.