காபா டப்பாவும் ஃபிட்ஸ் மாத்திரையும்

குழு: குடியாத்தம் சொந்தங்கள்
ஞாயிறு

சேகர் மாமா (காலை 7:42): ராஜி, இத பாரும்மா. காபா கேப்சூல். மூளையோட பிரேக்குன்னு போட்டுக்கீறான். நேச்சுரலாம், சைட் எஃபெக்ட் கிடையாதாம். நம்ம யுவனுக்கு ஒரு டப்பா ஆர்டர் போட்டுட்டேன்.

ராஜி: எதுக்கு மாமா இப்ப? டாக்டர் அவனோட ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் மாத்திரை கூட புதுசா குளோபசாம் மாத்திரையும் சேத்திருக்காரே.

கலா அத்தை: அந்தப் புதுசு போட்டதுலேர்ந்துதான் புள்ள எந்நேரமும் தூங்கிகினு கீது. நேத்து பந்தியில உக்காந்தே தூங்கி, ரசத்த இலைமேல தட்டிவுட்டான்.

சேகர் மாமா: அதான் சொல்றேன். ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டு இத குடு.

தேன்மொழி: மாமா!! அக்கா, நிறுத்தாத. ஒரு வேளை கூட.

சேகர் மாமா: வந்துட்டா ஆராய்ச்சிக்காரி. நீயே சொல்லு, காபான்னா பிரேக்கு தானே?

தேன்மொழி: பிரேக்குதான். அதுல விளம்பரக்காரன் பொய் சொல்லல. மூளையில ஒரு செல்லு இன்னொண்ண கிளப்பிவிட குளூட்டமேட், அடக்க காபா. காபா வந்து ஒட்டினா செல்லுல ஒரு வாசல் தொறக்கும், குளோரைடு உள்ள போவும், செல்லு அடங்கும். ஃபிட்ஸ் வரப்போ செல்லுங்க கூட்டமா ஒரே நேரத்துல சிக்னல் அடிக்குது, அடக்குறது பத்தல.

தேன்மொழி: ஆனா வாயில போடுற காபா மூளைக்குள்ள லேசுல போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அது விடாது.

கலா அத்தை: அப்ப காசு வயித்தோட போச்சு 😂

சேகர் மாமா: நீ சும்மா இரு.

ராஜி: அப்ப குளோபசாம் மட்டும் எப்படி உள்ள போவுது தேனு?

தேன்மொழி: அது காபாவே இல்லக்கா. தடுப்பத் தாண்டிப் போய், அந்த வாசல்ல பக்கத்துல ஒட்டிகிட்டு, இருக்குற காபாவையே நல்லா வேலை வாங்கும். விகாபட்ரின்னு இன்னொண்ணு, காபாவ அழிக்கிற என்சைம முடக்கிடும். ஆனா பக்கவாட்டுப் பார்வை போயிடலாம், போனா திரும்பாது. கண்ணு டெஸ்ட் பண்ணிகிட்டேதான் குடுப்பாங்க.

சேகர் மாமா: எனக்கு கால் எரிச்சலுக்கு கபாபென்டின் குடுத்தாங்களே, அதுவும் இதானா?

தேன்மொழி: காபா மாதிரி செய்யணும்னுதான் ஆரம்பிச்சாங்க. அது கால்சியம் வாசல்ல போய் ஒட்டிகிச்சு. ஃபிட்ஸுக்கும் உதவுது, உங்க காலுக்கும் உதவுது.

தேன்மொழி: வால்ப்ரோயேட் கதை இன்னும் ஜோர். 1882லயே செஞ்சு வெச்சது, சும்மா கரைப்பானா கிடந்துது. 1962ல பிரான்ஸ்ல பியர் எமார்னு ஒருத்தர் தன்னோட மருந்துங்கள அதுல கரைச்சு பரிசோதனைக்கு அனுப்புறார். எத கரைச்சாலும் வலிப்பு குறையுது! அப்புறம்தான் தெரிஞ்சுது, வேலை செஞ்சது கரைப்பான்.

கலா அத்தை: ஆயா கேக்குது, இரும்புச் சாவி கையில குடுத்தா நிக்காதான்னு.

தேன்மொழி: ஆயா, முக்கால்வாசி ஃபிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். அதுக்குள்ள சாவி வந்துடுது, பேரு சாவிக்குப் போயிடுது.

கலா அத்தை: சிரிக்குது. ஆனா சாவிய முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கும்.

ராஜி: தேனு, வார்டுல பக்கத்து பெட் பாப்பாவுக்கு மாத்திரை மாத்தினதும் ஜாஸ்தியாச்சு. அவங்கம்மா அழுதுட்டாங்க. மருந்தே எப்படி ஜாஸ்தி பண்ணும்?

தேன்மொழி: அந்தப் பாப்பாவுக்கு என்னன்னு நான் சொல்லக் கூடாதுக்கா. ஆனா அப்படி ஆகுற நோய் இருக்கு. டிராவே சிண்ட்ரோம்னு பேரு, கைக்குழந்தையிலயே ஆரம்பிக்கும். பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ ஜீன்ல பழுது. அந்த ஜீன் செய்றது சோடியம் வாசல், செல்லு சிக்னல் அடிக்க அது வேணும். அடக்குற செல்லுங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம். பாதி வாசல் இல்லன்னா பிரேக்கு செல்லு சோர்ந்துடும்.

தேன்மொழி: கார்பமாசெபைன் மாதிரி மருந்துங்க சோடியம் வாசல அடைக்கிறது. நிறைய பேருக்கு அதுதான் நல்ல மருந்து. டிராவே குழந்தைக்குக் குடுத்தா, ஏற்கெனவே சோர்ந்த பிரேக்கு இன்னும் படுத்துடும், ஃபிட்ஸ் ஏறும். நான் தினம் எலி மூளைய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல தேடுறது இந்த அடக்குற செல்லுங்களத்தான். எண்ணிக்கையில கம்மி, வேலை அவ்ளோ பெருசு.

சேகர் மாமா: அப்ப அந்த செல்லையே வெளியிலேர்ந்து உள்ள வெச்சா?

தேன்மொழி: மாமா, கரெக்டா புடிச்சீங்க! ஸ்டெம் செல்லுன்னு வேற செல்லா மாறக்கூடிய செல்லு இருக்கு, அதுலேர்ந்து அடக்குற செல்லு வளத்து, வலிப்பு கிளம்புற எடத்துல ஊசி போட்டு வைக்கிறாங்க. 2022ல அமெரிக்காவுல முதல் ஆளுக்கு வெச்சாங்க. இன்னும் டிரையல்தான்.

சேகர் மாமா: நம்மூர்லயும் 1949லயே வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில ஜேக்கப் சாண்டி மூளை ஆபரேஷனுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சாரு. இந்தியாவுலயே முதல்ல. எங்க நைனா சொல்லிகினே இருப்பாரு.

ராஜி: சரி, தூக்கத்துக்கு என்ன பண்றது? முதல் பீரியட்லயே டெஸ்க்ல சாயுறான்னு மிஸ் சொல்றாங்க.

தேன்மொழி: பிரேக்க அழுத்தினா மூளை மந்தமாகத்தான் செய்யும். அளவு குறைக்கலாமான்னு டாக்டர கேளு, நீயா குறைக்காத. குளோபசாம் பழகின மூளை அத நம்பியே இருக்கும். திடீர்னு எடுத்தா ஃபிட்ஸ் விடாம அடிக்கலாம். படிப்படியாத்தான் எறக்கணும். தூங்குற நேரத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிகினு போ.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கலா அத்தை: இன்னாங்க அழிச்சீங்க?

சேகர் மாமா: ஆர்டர் கேன்சல் ஆவுல. அதான்.

ராஜி: செவ்வாக்கிழமை ரெவ்யூ. ஸ்கூல்ல ஃபிட்ஸ் வந்தா மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே எழுதித் தரச் சொல்லட்டுமா தேனு?

தேன்மொழி: மிடசோலம். அதுவும் காபாவுக்கு ஒத்தாசை பண்றதுதான். கேளு. எத்தன நிமிஷத்துல அடிக்கணும்னு டாக்டர் கையாலயே எழுதி வாங்கி மிஸ்கிட்ட குடு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிஷம் தாண்டினா 108.

சேகர் மாமா: சீட்ட போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்பு ராஜி, குரூப்புல போடாத. சாயந்திரம் காட்பாடி பக்கம்தான் போறேன், எந்தக் கடையில கீதுன்னு பாத்துட்டு வரேன்.

ராஜி: சீட்டே செவ்வாக்கிழமைதான் மாமா குடுப்பாங்க.

சேகர் மாமா: அப்ப புதன்கிழமை போறேன்.