லெகசிக்கு "மரபு" வேண்டாமே

வணக்கம் சார்,

சாஃப்ட்வேர் மெனுவுல வர்ற லெகசி எழுத்துருவுக்கு (legacy font, பழசானாலும் இன்னும் ஓடிட்டு இருக்கிற ஃபாண்ட்) தமிழ்ல "மரபு எழுத்துரு"ன்னு போடலாம்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அது ஒட்டல. மரபுன்னா நாம தலையில தூக்கி வச்சுக்கிற விஷயம், மரபுக்கவிதை, மரபு மருத்துவம் மாதிரி. புரோகிராமர் லெகசின்னு சொல்றப்ப அதுல பெருமூச்சுதான் இருக்கு.

வீட்டுல என்ன சொல்றோம்னு பாருங்க. காயலான் கடைக்குப் போடுன்னா அந்தச் சாமான் கதை முடிஞ்சது, எடைக்குதான் போகும். அரதப்பழசுன்னா வயசு மட்டும்தான் தெரியுது, ஓடுதா ஓடலையான்னு தெரியாது. ஆனா "ஐதர் அலி காலத்து மிக்சி"ன்னு அம்மா அலுத்துக்கிறாங்கன்னா அது இன்னும் ஓடுதுன்னு அர்த்தம், தெருவுக்கே கேக்கும், பார்ட்ஸ் கிடைக்காது, ஆனா நாளைக்குக் காலைல சட்னி அதுலதான். (ஐதர் அலி செத்தது 1782ல, மிக்சிக்கு எப்படி வந்து ஒட்டிக்கிட்டாரோ.) லெகசின்னா எனக்கு இந்த மிக்சிதான்.

எங்க மாமா பிரஸ்ல கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்லதான். போன வாரம் ஒண்ண நோட்பேடுல ஒட்டிப் பாத்தேன், தமிழ்ங்கிற இடத்துல ஜே கே பி ஓ அரைப்புள்ளின்னு நிக்குது. இங்கிலீஷ் எழுத்தோட இடத்துலதானே தமிழ் உருவத்த உக்கார வச்சிருக்காங்க, ஃபாண்ட் போனா வேஷம் கலைஞ்சிருது. 1999ல தமிழ்நெட் மாநாட்டுல டாம், டாப்னு தமிழ் ஃபாண்டுகளுக்குப் பொதுவான குறியீட்டுத் தரம் பேசினாங்க, 2010ல தமிழ்நாடு அரசும் யூனிகோட (தமிழுக்குன்னு தனி இடம் வச்சிருக்கிற உலகப் பொதுக் குறியீடு) ஏத்துக்கிச்சு, மாமா இன்னும் பாமினிலதான் அடிக்கிறார், பத்திரிகையும் நல்லாத்தான் வருது. இதப் போய் "வழக்கொழிந்த"ன்னு எப்படிச் சொல்றது? அது அப்சொலீட்டுக்கு (obsolete, யாருமே பயன்படுத்தாதது) இருக்கட்டும்.

ஐதர் எழுத்துருன்னு மெனுவுல போட முடியாதுங்கிறதால, "பழம்புழக்க எழுத்துரு"ன்னு வச்சா என்ன? புழக்கம்னு சொன்னாலே இன்னும் கை பட்டுட்டு இருக்குன்னு வந்துருது. பழம்னா மாம்பழம் ஞாபகம் வரும்னு யாராச்சும் சொல்லுவீங்க, பழம்பெருச்சாளின்னா வருதா என்ன. மாமாகிட்ட சொல்லிப் பாத்தேன், "ஃபாண்டச் சொல்றியா என்னையச் சொல்றியா"ன்னார்.

டெப்ரிகேட்டட் இதுலருந்து வேற, இப்ப வேலை செய்யும் ஆனா புதுசா யாரும் தொடாதீங்கன்னு சொல்லணும், அதுக்கு எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கல. தோணினா எழுதுங்க.